பூனை எழுந்த பிறகு கேட்ட சத்தம்

எனக்கு எழுபத்து நான்கு வயது. நான்கு பேரை வளர்த்தேன். மூன்று பேர் என் வயிற்றில் பிறந்தவர்கள், ஒருத்தி என் தங்கை விட்டுப்போன பெண். நான்கு பேரும் படித்தார்கள். நான் படிக்கவில்லை. தமிழில் பெரிய எழுத்தாக இருந்தால் ஒவ்வொன்றாகக் கூட்டிப் படிப்பேன், ஒரு வரி முடிவதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிடும். எண்கள் தெரியும். கையெழுத்துப் போடுவேன். கன்னடம் நன்றாகப் பேசுவேன், இங்கிலீஷ் காதில் விழுந்தால் பாதி புரியும். எழுத்தாகப் பார்த்தால் இரண்டும் கோடும் சுழியும்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நான்கு வருடம் இதை மறைத்துக்கொண்டு ஒரு வேலை பார்த்தேன்.

கார்ட்டூன் படங்களுக்குச் சத்தம் சேர்க்கிற வேலை அது. பூனை ஓடும், எலி கடிக்கும், கதவு மூக்கில் வந்து அடிக்கும் அல்லவா, அந்தச் சத்தங்கள். வேலை கிடைத்த அன்று வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் பீன்யாவில் ஒரு லேத் பட்டறையில் இருந்தார். வாரத்தில் பாதி நாள் வேலை இருக்கும், பாதி நாள் இருக்காது. அன்று இல்லாத நாள்.

"சத்தம் போடறதுக்கு சம்பளமா? இத்தினி வருஷமா எனக்கு சும்மாவே போட்டுகினு இருந்தியே" என்றார்.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்றே ஒரு பயமும் கூடவே வந்துவிட்டது. ஏனென்றால் அந்த வேலையை நான் ஒரு பொய் சொல்லித்தான் வாங்கியிருந்தேன்.

அதற்கு முன் நான் பூ விற்றுக்கொண்டிருந்தேன். ஜீவனஹள்ளியில் வீடு. காக்ஸ் டவுன் பக்கம் ஒரு டீக்கடைக்கு மேல் மாடியில் சின்ன ஒலிப்பதிவு ஸ்டுடியோ ஒன்று இருந்தது. தினமும் காலையில் அங்கே சாமி படத்துக்கு மல்லிகை கொடுப்பேன். ஒரு நாள் நான் போனபோது மூன்று ஆண்கள் ஒரு பழைய வேட்டியைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். மைக்குக்கு முன்னால் ஒருவர் கிழிப்பார், மற்ற இருவரும் காதில் மாட்டிக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டுவார்கள். டிவியில் ஒரு கரடி குனிகிறது, அதன் கால்சட்டை கிழிகிறது. கரடிக்கு ஏற்ற கிழிசல் கிடைக்கவில்லையாம். நானும் நின்று கேட்டேன். வேட்டி கிழிகிற சத்தம் மெலிந்த ஆளுடையது. கரடி எவ்வளவு பெரிய உடம்பு! என் கூடையில் பூ மூடிவந்த வாழை இலை இருந்தது.

"இத்த கிழிச்சிப் பாருங்க சார். நடுத்தண்டோட சேத்து கிழிங்க" என்றேன்.

கிழித்தார்கள். அவர்களில் ஒருவர் ஸ்டுடியோ முதலாளி. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அதன்பின் பூவோடு சேர்த்து சத்தமும் கொண்டுவரச் சொல்லிவிட்டார்.

அந்தச் சமயம் கேபிள் டிவி வீட்டுக்கு வீடு வந்துகொண்டிருந்தது. வெளிநாட்டுப் பழைய கார்ட்டூன்களைத் தமிழும் கன்னடமும் பேச வைத்தார்கள். அந்தப் பழைய படங்களில் பேச்சும் சத்தமும் ஒன்றாகக் கலந்திருக்கும். இங்கிலீஷ் பேச்சை எடுத்தால் பூனையின் காலடியும் சேர்ந்து போய்விடும். போனதை எல்லாம் நாங்கள் புதிதாகச் செய்து சேர்க்க வேண்டும். எலி நடந்தால் கொட்டாங்குச்சியின் மேல் என் விரல் நகம். எலும்பு முறிந்தால் முள்ளங்கி. பனியில் நடந்தால் சோளமாவு நிரப்பிய துணிப்பை, மெல்ல அமுக்க வேண்டும். கண் சிமிட்டினால் இரண்டு கண்ணாடி வளையல். நிஜச் சத்தம் கார்ட்டூனுக்கு உதவாது. பார்க்கிறவன் கண்ணுக்கு எது என்ன எடையாகத் தெரிகிறதோ அந்த எடையில் சத்தம் இருக்க வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைதான்.

பதிவான சத்தங்களைத் துண்டு துண்டாக வெட்டி, நடுவே வெற்று டேப்பை வைத்து ஒட்டி, படத்தோடு சேர்ந்து ஓடும்படி ஒரே நீள டேப்பாக்குகிறவர் எடிட்டர். எங்கள் எடிட்டர் சென்னைக்குப் போய்விட்டார். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, நீங்க அந்த டேபிள்ல உக்காருறீங்களா? எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?"

"அஞ்சாவது சார்."

பள்ளிக்கூடத்துக்கு நான் போனது மொத்தம் இரண்டு மாதம். ஆனால் அந்த மேசையில் உட்கார ஆசைப்பட்டேன். பிள்ளைகள் நான்கு பேருக்கும் ஸ்கூல் இருந்தது. பூக்கூடையை மழையில் தூக்கி அலுத்துப்போயிருந்தது. அதற்கும் மேல், அந்த வேலை எனக்கு வரும் என்று தெரிந்தது. மெஷினில் டேப் ஒரு நொடிக்குப் பதினைந்து அங்குலம் ஓடும். அளவுகோலின் பக்கத்தில் என் கையை வைத்துப் பார்த்தேன். நான் குட்டையானவள். முழங்கையிலிருந்து நடுவிரலின் மேல் கணு வரைக்கும் சரியாகப் பதினைந்து அங்குலம். ஒரு முழம் ஒரு நொடி! படத்தில் ஒரு நொடியை இருபத்தைந்தாகப் பிரித்திருப்பார்கள், அதில் ஒரு பங்கு டேப்பில் என் ஒரு விரல் அகலம். பூனை மாடியிலிருந்து விழுந்து தரையைத் தொட மூன்று நொடி என்றால் மூன்று முழம் வெற்று டேப், அப்புறம் 'தொம்'. அதுவும் தரையைத் தொட்டதும் அடிக்கக் கூடாது, இரண்டு விரல் தள்ளி அடித்தால்தான் சிரிப்பு வரும். அளவுகோலை வைத்து அளந்தவர்களைவிட நான் வேகமாக முடித்தேன்.

படிப்பு இல்லாததை எப்படிச் சமாளித்தேன் என்றால், ஒவ்வொரு படத்துக்கும் எந்த நொடியில் என்ன சத்தம் என்று ஒரு பட்டியல் இங்கிலீஷில் தருவார்கள். நான் அதை மடித்து வைத்துவிட்டுப் படத்தை மூன்று தடவை பார்ப்பேன். திரையின் அடியில் நொடிக்கணக்கு ஓடும், எண்கள்தானே, அதை என் தாளில் எழுதிப் பக்கத்தில் படம் போட்டுக்கொள்வேன். பூனைக்கு இரண்டு காது, எலிக்கு வால், விழுந்தால் கீழே ஒரு கோடு. டேப் பெட்டிகளிலும் அதே அடையாளம். எல்லோரும் அது என் ஸ்டைல் என்று நினைத்தார்கள்.

ஆனாலும் காகிதத்தோடு ஒருவர் கதவைத் திறந்தால் என் உள்ளங்கை வியர்க்கும். பிளேடு பிடிக்கிற கை, வியர்க்கக் கூடாது. யாராவது எதையாவது நீட்டினால், "கண்ணு சரியா தெரியலப்பா, நீயே படி" என்பேன். இதை அடிக்கடி சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, முதலாளி நல்ல மனதோடு என்னைக் கண்ணாடிக் கடைக்கு அழைத்துப்போனார். அங்கே சுவரில் எழுத்துப் பலகை! எனக்கு உயிரே போய்விட்டது. நல்லவேளை, எண்கள் உள்ள பலகையும் இருந்தது. "எனக்கு நம்பரே போதும்" என்று அடம் பிடித்து அதைப் படித்தேன். மூக்கில் கண்ணாடி ஏறியது, என் சாக்கு போனது. அதற்குப் பிறகு, காகிதம் வரும்போதெல்லாம் எனக்குத் தலைவலி வந்தது.

மெஷினைப் பார்த்துக்கொண்டவர் ஒரு கன்னடக்காரர். என்னைவிடப் பத்து வயது இளையவர், என்னை அக்கா என்பார், நான் தம்பி என்பேன். முன்கோபி. ஆனால் பதிவு செய்யும்போது என் சத்தம் பிடித்துவிட்டால் அறையின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து கையெடுத்துக் கும்பிடுவார். அவர் மனைவிக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது.

ஒரு திங்கட்கிழமை, டேப் விலை ஏறிவிட்டது, மெஷினைப் பாதி வேகத்தில் ஓட்டு என்று முதலாளி அவரிடம் சொல்லியிருக்கிறார். பாதி வேகம் என்றால் அதே டேப்பில் இரண்டு மடங்கு பதியலாம். இது எனக்குத் தெரியாது. அவர் பிள்ளைக்குத் தடுப்பூசி போட அவசரமாகக் கிளம்பிக்கொண்டிருந்தார். மெஷினின் மேல் ஒரு மஞ்சள் காகிதம் ஒட்டியிருந்தது.

"அக்கா, மெஷின் மேல நோட்டு ஒட்டிருக்கேன். ஓதிட்டியா?" என்று வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார். படித்துவிட்டாயா என்பதற்குப் பாதி கன்னடம், பாதி தமிழ்.

"ஆய்த்து தம்பி, நீ கெளம்பு" என்றேன்.

அந்தக் காகிதத்தைப் பார்த்தேன். இங்கிலீஷில் இரண்டு வரி. கீழே டீக்கடைக்காரரிடம் காட்டலாமா என்று நினைத்தேன். அவர் படிப்பார். ஆனால் ஊருக்கெல்லாம் சொல்லுவார். மெஷினைத் துடை, கதவைப் பூட்டு என்று எப்போதும் சொல்வதைத்தான் எழுதியிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயந்தவள் தனக்குச் சொல்லிக்கொள்கிற சமாதானம் எப்போதும் நியாயமாகத்தான் கேட்கும்.

புதுப் படம். ஒரு பூனை, ஒரு எலி, ஒரு பால்கார வீடு, ஏழு நிமிடம். இரண்டு நாள் சத்தங்களைப் பதிந்து வெட்டினேன். துண்டுகள் எனக்குக் குட்டையாகத் தெரிந்தன. ஒரு சாண் வர வேண்டிய 'தொம்' அரைச் சாண்தான் இருந்தது. கை சொன்னது, ஏதோ சரியில்லை என்று. புது டேப் இப்படித்தானோ என்று விட்டுவிட்டேன். யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்டால், "நோட்டுல எழுதியிருந்தேனே" என்பார்கள். அதனால் கேட்கவில்லை. வெற்று டேப்பை மட்டும் வழக்கம்போல நொடிக்கு ஒரு முழம் என்று அளந்து ஒட்டினேன். இரண்டாம் நாள் மாலையில் மெஷினை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கும்போது மஞ்சள் காகிதம் ஈரமாகிக் கையோடு வந்தது. என் மேசைக்கு அடியில் இருந்த குப்பைக்கூடையில் போட்டேன்.

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு டிவி கம்பெனியிலிருந்து இரண்டு பேர் பார்க்க வந்தார்கள். ஒருவர் வெள்ளைச் சட்டை, ஒரு பெண் குட்டை முடி. படத்தை டேப்போடு சேர்த்து ஓட்டுகிற மெஷின் வாடகைக்கு எடுத்தது, அன்று காலையில்தான் வந்தது. அதனால் நாங்களே முன்னால் ஓட்டிப் பார்க்கவில்லை. எல்லோரும் உட்கார்ந்தோம். மெஷின்காரர் சுவிட்சைப் போட்டார்.

எலி ஓடியது. சத்தமில்லை. பூனை துரத்தியது, சத்தமில்லை. பூனை வழுக்கி விழுந்து, எழுந்து, மீசையைத் துடைத்துக்கொண்டு நின்றது. அப்போது எலி ஓடுகிற சத்தம் வந்தது. பூனை சன்னலில் ஏறி ரொம்ப தூரம் போன பிறகு 'தொம்' என்று விழுந்த சத்தம். போகப் போக இன்னும் தள்ளிப் போனது. பால்கார அம்மா பூனையைக் கொஞ்சித் தடவுகிறாள், அப்போது பாத்திரங்கள் உருளுகின்றன. பூனை தூங்குகிறது, கதவு படாரென்று அடிக்கிறது.

அந்தப் பெண் சிரித்தாள். நல்ல சிரிப்பு அல்ல. வெள்ளைச் சட்டைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார்.

எனக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. வெற்று டேப் ஒன்றுக்கு இரண்டு. டேப் பாதி வேகத்தில் போகிறது. அந்தக் காகிதம்.

முதலாளி அவர்களிடம் இங்கிலீஷில் ஏதேதோ சொல்லி நாளை காலை வரச் சொல்லி அனுப்பினார். கதவு மூடியதும் மெஷின்காரர் பக்கம் திரும்பினார்.

"ஸ்பீட் மாத்தினத அந்தம்மாகிட்ட சொல்லலயா நீ?"

"நோட்டு ஒட்டினேன் சார். கேட்டேன் சார். ஓதிட்டேன்னாங்க."

"எங்க நோட்டு?"

அவர் மெஷினைப் பார்த்தார். மேலே இல்லை. பின்னால் பார்த்தார், கீழே குனிந்து பார்த்தார். மெஷின் பளபளவென்று இருந்தது. நான் துடைத்த பளபளப்பு.

"இங்கதான் சார் ஒட்டினேன். சாமி சத்தியமா."

"சாமிய எதுக்குய்யா இழுக்கற. ஏம்மா, நீங்க சொல்லுங்க. நோட்டு இருந்துதா? நீங்க பொய் சொல்ல மாட்டீங்க."

குப்பைக்கூடை என் காலுக்குப் பக்கத்தில் இருந்தது. காலால் தள்ளினால் மேசைக்கு உள்ளே போய்விடும். இருந்தது என்றால் அடுத்த கேள்வி, படித்தும் ஏன் செய்யவில்லை என்பது. அதற்குப் பதில் ஒன்றுதான். அந்தப் பதிலைச் சொன்னால் மேசை போகும், அஞ்சாவது என்று சொன்ன வாய் போகும். மூத்தவன் அந்த வருடம் பத்தாவது. இப்படியெல்லாம் அப்போது நினைத்தேனா என்றால் இல்லை. நாக்கு தானாகப் புரண்டது.

"நான் கவனிக்கல சார்" என்றேன்.

முதலாளி அவரிடம் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "நாளையிலருந்து நீ வர வேணாம்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போனார். மெஷின்காரர் என்னைப் பார்க்கவே இல்லை. அதைத்தான் இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை. முன்கோபி, ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். அலமாரியின் மேலிருந்து தன் டிபன் கேரியரை எடுத்தார். சாப்பாட்டு நேரம் ஆகவில்லை. அது முழு எடையோடு கையில் தொங்கியது. கனமான டிபன் கேரியரின் பிடி கிரீச்சென்று ஒரு சத்தம் போடும். சத்தங்களைக் கேட்டே பிழைத்தவள் நான், அதைக் கேட்காமல் இருக்க முடியுமா?

கூடையைக் கவிழ்த்தேன். டேப் துணுக்குகள், முள்ளங்கித் தோல், அதற்குள் மஞ்சள் காகிதம், மடங்கி ஒட்டிக்கொண்டு. எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனேன்.

"இதுதான் சார் நோட்டு. ஒட்டித்தான் இருந்துது. நான்தான் தொடைக்கும்போது எடுத்துப் போட்டேன். எனக்குப் படிக்க வராது."

"என்னது?"

"படிக்க வராது சார். அஞ்சாவது இல்ல. ஒண்ணாவதே முடிக்கல. தம்பி மேல தப்பில்ல. அவரு கேட்டாரு, நான்தான் படிச்சிட்டேன்னு பொய் சொன்னேன். இப்பவும் பொய்தான் சொன்னேன்."

முதலாளி காகிதத்தைப் பார்த்தார், என் கண்ணாடியைப் பார்த்தார். "அப்போ இந்தக் கண்ணாடி?" என்றார்.

மெஷின்காரர் வாசலில் கேரியரோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். முதலாளி அவரைக் கூப்பிட்டார். "உன் வேலய போக்கப் பாத்தாங்க இவங்க. நீயே சொல்லு. இருக்கட்டுமா, போகட்டுமா?"

அவர் கேரியரைக் கீழே வைத்தார்.

"நாளை காலைக்குள்ள இத வேற யாரு சரி பண்ணுவாங்க சார்?" என்றார். "இருக்கட்டும். ஆனா இனிமே நான் நோட்டு எழுத மாட்டேன்."

அன்று மதியம் முழுவதும் உட்கார்ந்து நூற்றுக்கும் மேலான ஒட்டுகளைப் பிரித்து, இரண்டு சத்தத்துக்கு நடுவே இருந்த ஒவ்வொரு வெற்றுத் துண்டையும் குறைத்து ஒட்டினேன். பூக்காரிக்கு அரை முழம் அளக்கத் தெரியாதா? கை வேலை செய்தது, மனம் அந்த 'கவனிக்கல'விலேயே நின்றது. மெஷின்காரர் பக்கத்தில் உட்கார்ந்து டேப்பைப் பிடித்துக்கொடுத்தார். சாப்பாட்டு நேரத்தில் கேரியரைத் திறந்து தனியாகச் சாப்பிட்டார். வழக்கமாக எனக்கு ஒரு கிண்ணம் வைப்பார். அன்று வைக்கவில்லை. மறுநாள் கம்பெனிக்காரர்கள் பார்த்துவிட்டு ஓகே என்று போனார்கள். பாதி வேகத்தை முதலாளி அதோடு விட்டுவிட்டார்.

நோட்டு எழுத மாட்டேன் என்றாரே, அதைக் காப்பாற்றினார். மறுநாளிலிருந்து எல்லாவற்றையும் கத்தினார். ஸ்டுடியோவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு, சன்னல் திறந்திருந்தாலும்.

"அக்கா! இவத்து ஸ்பீட் பதினஞ்சு! கேளிஸ்தா?"

கேட்டது, தெருவுக்கே கேட்டது. ஒரு வாரத்தில் டீக்கடைக்காரர், "என்னாக்கா, இன்னிக்கு ஸ்பீட் பதினஞ்சாமே?" என்று கேட்க ஆரம்பித்தார். குரல் கொடுக்க வருகிற பெண்கள் என்னைப் பார்த்து முகத்தை மிருதுவாக வைத்துக்கொண்டார்கள். அதுதான் எனக்குக் கசந்தது. நான் தலையைக் குனியவில்லை. "பதினஞ்சுதான், டீ ஏன் இன்னும் வரல?" என்று மாடியிலிருந்தே திருப்பிக் கத்துவேன்.

படிக்கத் தெரியாது என்று எல்லோருக்கும் தெரிந்த பின்னால் கை வியர்ப்பது நின்றது என்று சொன்னால் பொய். பழைய பயம் போய்ப் புதுப் பயம் வந்தது. முதலாளி வேறு ஆள் பார்க்கிறார் என்று காதில் விழுந்தது. இரண்டு மாதம் கழித்து டிப்ளமா படித்த ஒருவர் வந்தார். நான் என் கொட்டாங்குச்சிகளைப் பையில் எடுத்து வைத்துவிட்டேன். ஆனால் முதலாளி அவரை என் பக்கத்தில் உட்கார வைத்தார். அவர் பட்டியல் படிப்பார், நான் வெட்டுவேன். ஒருவர் வேலைக்கு இரண்டு பேர் எத்தனை நாள் என்று ஒவ்வொரு மாதமும் நினைத்துக்கொண்டே ஐந்து வருடம் இருந்தோம். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. டேப்பும் பிளேடும் போயின. எனக்கு அதில் வருத்தமில்லை, அந்த மேசை என் தோளை வாங்கிவிட்டிருந்தது. சத்தம் செய்ய மட்டும் கூப்பிடுவார்கள், போய் முள்ளங்கி ஒடித்துவிட்டு வருவேன்.

மெஷின்காரர் ஒரு வருடம் கழித்துத்தான் மறுபடி எனக்குக் கிண்ணம் வைத்தார். கத்தரிக்காய். மன்னிப்பு நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். முள்ளங்கித் தோலுக்குள்ளிருந்து காகிதத்தை எடுத்துக் கொடுத்தது போதும் என்று நினைத்துவிட்டேன். போதாது. இத்தனை வருடம் பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் கூடையைக் கவிழ்த்த இடத்திலிருந்துதான் ஆரம்பிப்பேன். அதற்கு முந்தின வார்த்தையை இன்றுதான் சொல்லியிருக்கிறேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதியவள் என் பேத்தி, மூத்தவனின் பெண். அந்த இடம் வந்தபோது இவள் எழுதுவதை நிறுத்தி, "இது வேணுமா ஆயா?" என்று கேட்டாள். வேணும் என்றேன். தலையை ஆட்டினாள். எழுதினாளா, விட்டாளா, எனக்கு எப்படித் தெரியும்?

கண்ணு, பேனாவ வை. மொதல்லருந்து படி, நான் கேக்கறேன். எதையும் தாண்டாத.